கந்தரோடை: ஓர் ஊரும் அதன் மண்ணும்

சுன்னாகச் சந்தியிலிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் வீதியில் ஏறத்தாழ ஒரு மைல் நடந்தால் கந்தரோடை வந்துவிடுகிறது. ஊர் மாறியதென்று காட்டத்தக்க அடையாளம் ஒன்றும் வழியிற் புலப்படாது. கதியால் வேலிகளும் மதில்களும் மாறிமாறி வர, ஒழுங்கைகள் இருபுறமும் பிரிந்து செல்லும். செம்மண் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பருவத்துக்கேற்ப நிற்கும். அவற்றைக் கடந்தால் தாழ்ந்த வயல்வெளியும், வயலோரத்திற் பனங்கூடல்களும் தோன்றும். வலிகாமத்தில் இத்தகைய ஊர்கள் பல. யாழ்ப்பாண நகருக்கு வடக்கே ஆறு மைலளவிற் கிடக்கும் இச்சிற்றூரை முதன்முறை காண்பவர், இதுவும் அவற்றுள் ஒன்றென எண்ணிக் கடந்து போதல் இயல்பே.

ஆயினும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைமையைப் பற்றி எழுதப்புகுந்த எவரும் இவ்வூரை விட்டு அப்பாற் செல்ல முடிந்ததில்லை. நல்லூர் அரசிருக்கையாவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, கந்தரோடை மக்கள் நெருங்கி வாழ்ந்த ஒரு பெருங்குடியிருப்பாய் இருந்தது. அக்குடியிருப்பு ஏன் இவ்விடத்தில் எழுந்தது என்ற வினாவுக்கு விடை, ஏடுகளில் அன்றி, இவ்வூரின் மண்ணிலும் நீரிலும் இருக்கின்றது. ஆகலின் அவற்றிலிருந்து தொடங்குதலே முறை.

குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கற்பாறை மேல் அமைந்தது. மயோசீன் என்று புவிச்சரிதவியலார் வழங்கும் காலத்திற் கடலடியிற் படிந்து, பின்னர் மேலெழுந்த பாறை இது. கீரிமலைப் பக்கத்தில் அது வெளிப்படையாகத் தெரியும். உட்பகுதிகளில் அதன்மேற் செம்மண் போர்த்திருக்கும். இப்பாறை உறுதியானதெனினும் முழுமையானதன்று. மழைநீர் அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்து, வெடிப்புகளையும் குடைவுகளையும் நிலத்தடி வழிகளையும் உண்டாக்கியிருக்கின்றது. புத்தூர் நிலாவரை இத்தகைய குடைவொன்றின் கூரை இடிந்து வீழ்ந்ததனால் தோன்றியது. கீரிமலைக் கேணியில் கடலருகே நன்னீர் சுரப்பதற்கும் இந்நிலத்தடி வழிகளே காரணம்.

ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50 அங்குல மழை இங்குப் பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழி முடியுமட்டும் வடகீழ்ப் பருவக்காற்றினாற் பெய்வது. பெய்த நீர் செம்மண்ணூடாகப் பாறைக்குள் இறங்கி, அங்கு ஏலவே ஊடுருவி நிற்கும் கடல்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் நொய்தாகலின் இது நிகழ்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், அம்மட்டத்துக்குக் கீழ் ஏறத்தாழ நாற்பதடி ஆழமளவும் நன்னீர் இருத்தல் கூடும் என்பது நீரியலார் கணக்கு. இக்கணக்கின் மறுபுறமும் கருதத்தக்கது. மேலே ஓரடி இறைத்துத் தீர்த்தால் கீழிருந்து நாற்பதடி உவர் ஏறிவரும். கடற்கரையை அணுக அணுக இந்நன்னீர்ப் படை மெலிகின்றது. கரையினின்று விலகி உள்ளே செல்லச் செல்லத் தடிக்கின்றது. கந்தரோடையோ வடகடலுக்கும் தெற்கே கிடக்கும் களப்புக்கும் இடையில், இரண்டினின்றும் ஐந்தாறு மைல் தொலைவில் இருப்பது. துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் இவ்வூர்க் கிணறுகள் உவர்க்காமைக்கு இவ்விருப்பிடமே துணைசெய்தது.

நிலத்தடி நீரேயன்றி நிலத்தின்மேல் ஓடும் நீரும் இவ்வூருக்கு உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆறில்லை என்பது பலரும் சொல்லும் வார்த்தை. வற்றாத ஆறில்லை என்று அதனைத் திருத்திக் கொள்ளுதல் வேண்டும். தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்துத் தாழ்நிலங்களில் மாரிநீர் திரண்டு, கந்தரோடை வழியாகச் சண்டிலிப்பாயை அடைந்து, அராலிப் பக்கத்திற் களப்பிற் கலப்பது வழுக்கையாறு. அதன் நீளம் ஏறத்தாழ பத்து மைல். வைகாசியிலோ ஆனியிலோ அதனைக் காணச் செல்பவர், ஆடுமாடுகள் மேயும் ஒரு பள்ளத்தையே காண்பர்; ஆறு எங்கே என்று வினவுவதும் உண்டு. மார்கழியில் அதே பள்ளம் இருகரையும் தொட்டு ஓடும். வயல்களுக்கு வண்டலும், குளங்களுக்கு நீரும், கிணறுகளுக்கு ஊற்றும் அளித்துவிட்டு அது மீண்டும் மறைந்துவிடுகின்றது. இந்நீர் முழுவதும் களப்புக்கு ஓடி வீணாகாமலும், களப்பின் உவர் மேலேறாமலும் காப்பதற்கு அராலியில் தடுப்பணை அமைத்தனர்.

ஒருபுறம் ஆற்றோர வயல், மறுபுறம் செம்மண் தோட்டம், எவ்விடத்தில் அகழ்ந்தாலும் ஆழமற்ற கிணற்றில் நன்னீர் என இம்மூன்றும் ஒருங்கே வாய்த்த இடம் குடாநாட்டில் அரிது. உலோகக் கருவி கொண்டு உழவு செய்யத் தொடங்கிய பழங்குடிகள் இதனைத் தெரிந்தெடுத்தமை வியப்பன்று. வடக்கே சம்புத்துறை முதலிய துறைகள், தெற்கே களப்பு வழியாகத் தீவுகளுக்கும் மன்னார்க் கடலுக்கும் செல்லும் வழி. இரண்டுக்கும் நடுவே அமைந்த இவ்வூர் வணிகத்துக்கும் உகந்ததாயிற்று. மகாவமிசம் கூறும் சம்புகோளப்பட்டினம், சங்கமித்தை வெள்ளரசுக் கிளையுடன் வந்திறங்கிய துறை, மாதகலை அடுத்த சம்புத்துறையே என்பது பெரும்பாலார் கொள்கை. அத்துறையில் இறங்கிய பண்டங்கள் உள்நாடு செல்வதற்கு முன் தங்கத்தக்க பெருங்குடியிருப்பு எதுவெனத் தேடினால் கந்தரோடையே முன்னிற்கும்.

மாரி பெய்து ஓய்ந்தபின் தோட்டத்து மண்ணிற் பழங்காசுகளும் மணிகளும் ஓட்டுத் துண்டுகளும் வெளிப்படுதல் ஊரவர்க்கு நெடுங்காலமாகப் பழகிய செய்தி. அதனைக் கற்றோர் உலகின் செய்தியாக்கியவர் சேர் போல் பீரிஸ். ஆங்கிலேய அரசின் குடிசார் சேவையில் உயர்பதவி வகித்த அவர், வரலாற்றில் ஆழ்ந்த ஈடுபாடுடையவர். கந்தரோடையிலே தேடியும் அகழ்ந்தும், ஊரவரிடமிருந்து பெற்றும் தாம் திரட்டியவற்றை அவர் ஆராய்ந்து, அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் 1917ஆம் ஆண்டிலும் 1919ஆம் ஆண்டிலும் இரு கட்டுரைகளாக வெளியிட்டார். சிறு தூபிகளின் அடித்தளங்கள், முத்திரையிடப்பட்ட பழைய வெள்ளிக் காசுகள், இலக்குமி உருவம் பொறித்த தகடுகள், உரோமக் காசுகள், நிறக்கல் மணிகள், கண்ணுக்கு மையெழுதும் செப்புக் கோல்கள் ஆகியன அவற்றில் விவரிக்கப்பட்டன. யாழ்ப்பாணத்தின் வரலாறு ஆரியச்சக்கரவர்த்திகளோடு தொடங்குவதென்ற எண்ணம் வலுத்திருந்த அக்காலத்தில், அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பின்னோக்கிச் செல்லும் சான்றுகள் ஓர் உழவூரின் தோட்டங்களில் கிடக்கின்றன என்று காட்டியமை சிறுசெயலன்று. தமிழர் தம் பழங்கதையைத் தம் மண்ணிலேயே தேடவேண்டும் என்ற அவரது விருப்பத்துக்கு, அதன்பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் எவரும் பெரிதாகச் செவிசாய்க்கவில்லை.

1960களின் பிற்பகுதியில் இலங்கைத் தொல்பொருட் பகுதியினர் தூபிகளிருந்த நிலத்தைத் துப்புரவாக்கி ஆராய்ந்தனர். 1970இல் அமெரிக்க நாட்டுப் பெனிசில்வேனியாப் பல்கலைக்கழகக் காட்சிச்சாலையைச் சார்ந்த ஒரு குழு, தூபிகளை விடுத்து மக்கள் வாழ்ந்த மேட்டில் அகழ்வு செய்தது. உச்சாப்பனை என ஊரார் வழங்கும் பகுதி அம்மேட்டைச் சார்ந்தது. அக்குழுவில் முன்னின்றோருள் விமலா பெக்லி அம்மையார் ஒருவர். அகழ்வு குழி அளவிற் சிறியதேயெனினும் அதன் பயன் பெரிது. தனித்தனியே பொறுக்கிய காசும் மணியும் எவ்வளவு அரியனவாயினும், அவை கிடந்த படை எதுவென அறியாதவிடத்து அவற்றின் காலத்தை உய்த்துணர்தலே கூடும். படைபடையாக அகழும்போதுதான் எது முந்தியது, எது பிந்தியது என்பது வெளியாகும்.

அடிப்படைகளிலே கிடைத்தவை கறுப்பு-சிவப்பு மட்கலங்கள். உட்பக்கமும் வாய்விளிம்பும் கறுத்து, புறம் சிவந்து தோன்றும் இக்கலங்களைக் கவிழ்த்துச் சுட்டனர் என்பர். காற்றுப் புகாத பகுதி கறுப்பாகவும், காற்றுப்பட்ட பகுதி சிவப்பாகவும் ஆகும். தமிழகத்தின் பெருங்கற்காலத் தாழிக்காடுகளிலும், மன்னாருக்குத் தெற்கே பொம்பரிப்பிலும், அநுராதபுரத்தின் அடிப்படைகளிலும் காணப்படும் கலங்கள் இவையே. கரிமக் காலக் கணிப்புகள் இக்குடியிருப்பின் தொடக்கத்தைக் கிறித்துவுக்கு முற்பட்ட சில நூற்றாண்டுகளுக்குக் கொண்டுசெல்கின்றன. விசயன் கதையையோ, கலிங்கத்திலிருந்து வந்ததாகக் கூறப்படும் அரசகுலக் கதையையோ எதிர்பாராமல், இரும்பறிந்த உழவர் இங்கு நிலைகொண்டுவிட்டனர் என்பது இதனாற் பெறப்படும்.

அதற்கு மேற்படைகளில் ஒருவகைச் சாம்பல்நிறத் தட்டுகள் வருகின்றன. மிக நுண்ணிய மண்ணாற் சக்கரத்தில் வனையப்பட்டு, உள்ளடியில் உருளை கொண்டு பதித்த புள்ளிவரிகள் வட்டவட்டமாகச் சூழ அமைந்தவை அவை. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945இல் அகழ்வு நடத்திய சேர் மோட்டிமர் வீலர், இத்தட்டுகள் மத்தியதரைக் கடற்பக்கத்திலிருந்து வந்தனவெனக் கொண்டு, கிறித்துவுக்குப் பிந்திய முதலாம் நூற்றாண்டை ஒட்டி அவற்றின் காலத்தை நிறுவினார். நெடுங்காலம் எல்லோரும் அதனையே பின்பற்றினர். அக்கருத்தை மாற்றியவர்களுள் முதன்மையானவர் கந்தரோடையை அகழ்ந்த அதே பெக்லி அம்மையார். இவ்வகைத் தட்டு இந்தியாவிலேயே செய்யப்பட்டதென்றும், உரோமர் வருகைக்கு முன்னரே, கி.மு. இரண்டாம் நூற்றாண்டளவிலோ அதற்குச் சற்று முன்னரோ வழக்கிலிருந்ததென்றும் அவர் காட்டினார். பின்வந்த மண் ஆய்வுகளும் அதன் பிறப்பிடத்தை இந்தியாவின் கீழைப் பகுதிகளிலேயே காண்கின்றன. கந்தரோடை உழவன் ஒருவன் உண்ட தட்டு வங்கக் கடலின் மறுகோடியிலிருந்து வந்திருக்கலாம் என்பது இதன் பொருள். யவனக் கப்பலின் வருகையை எதிர்நோக்கியிராமலே வங்கக் கடலின் கரைகள் தமக்குள் வாணிகம் செய்து வந்தன.

இங்குக் கிடைத்த ஓட்டுத் துண்டொன்றிற் பிராமி எழுத்துகள் கீறப்பட்டுள்ளன. ததன் என்பவனுடைய பாத்திரம் என்ற பொருள்படப் பாகத மொழியில் அது படிக்கப்படுகின்றது. கந்தரோடைக்குத் தெற்கே சில மைல் தொலைவிலுள்ள ஆனைக்கோட்டையில், 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் பெருங்கற்காலப் புதைகுழி ஒன்றை அகழ்ந்தபோது, எலும்புக்கூட்டின் அருகே உலோக முத்திரை ஒன்று வெளிப்பட்டது. அதன் மேல்வரியில் பெருங்கற்காலக் குறியீடுகளும், கீழ்வரியில் பிராமி எழுத்துகளும் உள. கோவேந்த என்றும் அதனையொத்த பிறவாறும் படிக்கப்பட்டிருக்கும் அவ்வெழுத்துகளிற் 'கோ' என்ற தமிழ்ச்சொல் இருப்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டுவர். ஒன்று பாகதம், மற்றொன்று தமிழ் அல்லது தமிழோடு இயைந்தது. அண்மைக் காலத்தவர் சிலர் முதலாவதை மட்டும் எடுத்துப் பேசுவர். வேறு சிலர் இரண்டாவதை மட்டும் எடுத்துப் பேசுவர். இரண்டும் ஒரே நிலப்பரப்பில், ஏறத்தாழ ஒரே காலவெல்லைக்குள் வழங்கின என்பதே கிடைத்த பொருள்கள் காட்டும் செய்தி.

இனி, கந்தரோடை என்றதும் எல்லோர் கண்முன்னும் தோன்றும் தூபிகளைப் பற்றிக் கூறவேண்டும். வயலோரத்தில் ஓர் ஏக்கருக்கும் குறைந்த நிலத்தில் அவை நெருங்கி நிற்கின்றன. அநுராதபுரத்தின் மலையொத்த தாதுகோபங்களைக் கண்டு பழகியவர்க்கு இவை விளையாட்டுப் பொருள்கள் போலத் தோன்றும். பெரும்பாலானவை மனிதன் ஒருவனின் உயரத்தை ஒட்டியும் அதற்குச் சற்று மேலாகவும் இருப்பன. இடம் கிடைத்தவாறு ஒன்றையொன்று ஒட்டி எழுந்தன போல, ஒழுங்கான வரிசையின்றி உள்ளன. முருகைக் கல்லும் சுண்ணக்கல்லும் செதுக்கி அடுக்கப்பட்டவை. வட்டமான அடித்தளம், அதன்மேல் அரைக்கோள வடிவான அண்டம், அதன்மேற் சதுரக் கோட்டம், அதற்கும் மேலே கூம்பிய முடி என்பன தூபியின் உறுப்புகள். இன்று முழுவடிவாகக் காணப்படும் ஏறத்தாழ இருபது தூபிகளின் மேற்பாகங்கள் சிதைந்து கிடந்த கற்களைக் கொண்டு தொல்பொருட் பகுதியினர் மீளக் கட்டியவை என்பதைப் பார்ப்போர் மறத்தலாகாது. அவற்றைச் சூழ மீளக் கட்டப்படாத வெறும் அடித்தளங்கள் பல உள. பழைமையை உள்ளவாறு காண விரும்புவோர் அவ்வடித்தளங்களையே முதலில் நோக்குதல் நன்று.

இத்தனை தூபிகள் ஓரிடத்தில் எதற்காக எழுந்தன? ஊரில் வழங்கும் கதையொன்று, அறுபது துறவிகள் நச்சுக்காளானை உண்டு ஒருங்கே இறந்தனர் என்றும், அவர்க்கு எழுப்பிய நினைவுகளே இவை என்றும் கூறும். கதை எத்தகையதாயினும், இவை இறந்த துறவிகளின் சாம்பலையோ எலும்பையோ கொண்ட நினைவுச் சின்னங்களாதல் வேண்டும் என்ற கருத்து ஆராய்ச்சியாளரிடையும் வலுவுடையது. மேல் இந்தியாவிற் கன்னேரிக் குகைகளின் அருகிலும், ஆந்திரக் கரையிலுள்ள பௌத்தப் பள்ளிகளிலும் இவ்வாறு நெருங்கிய சிறு தூபிகள் காணப்படுகின்றன. இறந்தோர்க்கு வட்டமாகக் கல்லடுக்கும் பெருங்கற்கால வழக்கு, புதிய சமயம் வந்தபின் தூபி வடிவம் பெற்றிருக்கலாம் என்று கருதுவோரும் உளர். அது மெய்யாயின், சமயம் மாறியபோது மக்கள் மாறவில்லை. தம் முன்னோர்க்குச் செய்த கடனையே புதுமுறையிற் செய்தனர் எனல் வேண்டும். இக்கருத்து இன்னும் அகழ்வினால் உறுதிப்படவேண்டியதாயினும் கவர்ச்சியுடையது.

ஊரின் பெயரைப் பற்றிய வழக்கு இதனினும் சிக்கலானது. நம்பொத என்ற சிங்கள ஏடு நாட்டின் பௌத்தத் தலங்களை வரிசைப்படுத்துகையில், தமிழ்ப்பட்டினப் பகுதியில் உள்ளனவாகக் கதுறுகொட விகாரை, தெலிப்பொல, மல்லாகம, நாகதீவம், காரைதீவம் முதலியவற்றைக் கூறுகின்றது. தெலிப்பொல தெல்லிப்பழை, மல்லாகம மல்லாகம் என்பது தெளிவு. கதுறுகொட கந்தரோடை என்பதும் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்டது. சுவாமி ஞானப்பிரகாசர் யாழ்ப்பாணத்து இடப்பெயர்களை ஆராய்ந்து, அவற்றுட் பல சிங்கள வழக்கோடு தொடர்புடையன என்றார். கந்தரோடை என்பதைக் கந்தர், ஓடை எனத் தமிழாகவே பிரித்து, வழுக்கையாற்றின் ஓடையைச் சுட்டிக் காட்டுவோரும் உளர். முதலியார் செ. இராசநாயகம் 1926இல் வெளியிட்ட 'பண்டைய யாழ்ப்பாணம்' என்னும் ஆங்கில நூலில் வேறொரு வழி சென்றார். ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, உக்கிரசிங்கன் என்னும் அரசன் கதிரமலையிலிருந்து ஆண்டான் என்கின்றது. அக்கதிரமலை கந்தரோடையே என்பது முதலியார் துணிபு. கீரிமலையில் நீராடிக் குதிரைமுகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லியின் கதையும் இவ்வரசனோடு இணைந்ததே. முதலியார் காட்டிய சான்றுகள் எல்லாம் இன்று நிலைக்குமென்று சொல்வதற்கில்லை; ஆயினும் ஏடு, இடப்பெயர், காசு, கல் ஆகியவற்றை ஒருங்குவைத்து இவ்வூரை நோக்கிய அவரது முயற்சி பின்வந்தோர்க்கு வழிகாட்டியாயிற்று.

இவ்வாராய்ச்சிகள் ஏடுகளுக்குள் அடங்கியிருந்தால் கேடில்லை. கந்தரோடைத் தூபிகள் எவருடையன என்ற வினா, ஐம்பது அறுபது ஆண்டுகளாக அரசியல் வினாவாகிவிட்டது. பௌத்தச் சின்னம் உள்ள இடமெல்லாம் சிங்களவர் வாழ்ந்த இடம் என்று ஒரு சாரார் கொண்டனர். அதனை மறுக்கப் புகுந்த மற்றொரு சாரார், தூபிகள் தமக்கு அந்நியமானவை என்று ஒதுக்கிவிட்டால் வழக்குத் தீரும் என எண்ணினர். இரு கொள்கைகளும் பௌத்தம் ஒரே இனத்துக்கு உரியது என்னும் ஒரே பிழையின்மேல் நிற்கின்றன. மணிமேகலையை இயற்றியது தமிழ்ப் புலமை. அக்காப்பியத்தின் மணிபல்லவத்தை ஆராய்ச்சியாளர் பலர் நயினாதீவென்றே கொள்வர். பாளி உரைகளால் தேரவாத உலகிற் புகழ்பெற்ற புத்ததத்தர் சோழநாட்டவர். நாகபட்டினத்துச் சூடாமணி விகாரை முதலாம் இராசராசன் காலத்தில், சைவம் ஓங்கிய சோழப் பேரரசின் நடுவே எழுந்தது. காஞ்சியிலும் காவிரிப்பூம்பட்டினத்திலும் பௌத்தராக வாழ்ந்த தமிழர், முப்பது மைல் கடலைக் கடந்ததும் தமிழரல்லாதாராய் விடுவாரோ? மறுபுறத்தில், 1936இல் வல்லிபுரத்திற் கிடைத்த பொன்னேடு, வசப மன்னன் ஆட்சியில் இசிகிரய என்னும் அமைச்சன் நாகதீவை ஆண்டபோது விகாரையொன்று கட்டப்பட்டதைக் கூறுகின்றது. அநுராதபுரத்தின் ஆணை இங்கு எட்டியதும் உண்மை. எனினும் ஓர் அரசனின் ஆணை எட்டியதனால் மக்களின் மொழி இதுவென முடிவுகட்டல் இயலாது. ஆங்கிலேயரின் ஆணையும் நூற்றைம்பது ஆண்டுகள் இங்கு எட்டியது.

மெய்யாக நோக்கின், இத்தூபிகளைக் கட்டியவர் தம்மை இன்றைய பெயர்களால் அழைத்திருப்பார் என எண்ணுதற்குக் கந்தரோடையின் எந்தப் படையிலும் ஆதாரமில்லை. அவர் உழவர், வணிகர், துறவியர். கடலுக்கு இருபுறமும் உறவுடையவர். அவர்தம் வழித்தோன்றல்கள் பிற்காலத்திற் சைவராயினர் என்பதற்கு, ஊரைவிட்டு வேறொரு மக்கட்கூட்டம் அகன்றதென்று காட்டும் அழிவுப்படை எதுவும் வேண்டுவதில்லை.

பிற்கால வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். அரசிருக்கை கதிரமலையினின்று சிங்கைநகருக்கும், பின்னர் நல்லூருக்கும் சென்றதாக மரபு கூறும். அதனோடு கந்தரோடை வணிகவூர் என்னும் நிலை இழந்து உழவூராயிற்று. பௌத்தம் மறைந்த பின் கண்ணகி வழிபாடு இங்கு வேரூன்றியது. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த விழாவிற் கயவாகு வேந்தனும் இருந்தான் எனச் சிலப்பதிகாரம் கூறும். அவன் ஈழத்திற்குக் கொணர்ந்த வழிபாடு யாழ்ப்பாணத்தில் முதற்கண் நிலைகொண்ட இடம் கந்தரோடை அங்கணாமைக்கடவை என்பது செவிவழிச் செய்தி. சிங்களவர் பத்தினித் தெய்வம் எனப் போற்றுபவளும் இக்கண்ணகியே. 1619இற் போர்த்துக்கேயரும், 1658இல் ஒல்லாந்தரும் குடாநாட்டைக் கைப்பற்றினர். அவர்கள் காலத்திற் கோயில்கள் இடிக்கப்பட்டுக் கற்கள் பெயர்க்கப்பட்டன. 1816இல் அமெரிக்க மிசனரிமார் தெல்லிப்பழையில் வந்து தங்கினர். 1824இல் அயலூராகிய உடுவிலிற் பெண்கள் பாடசாலை எழுந்தது. கிறித்தவப் பாடசாலைகளுக்கு ஈடாகச் சைவச் சூழலில் ஆங்கிலக் கல்வி அளிக்கவேண்டும் என்னும் எழுச்சி நாடெங்கும் பரவியபோது, 1894இல் கந்தரோடையில் தோன்றியதே இன்று ஸ்கந்தவரோதயக் கல்லூரி எனப் பெயர்பெற்று விளங்குவது. வடபகுதிப் புகைவண்டிப் பாதை 1905இற் காங்கேசன்துறையை எட்டியபின், சுன்னாகம் புகைவண்டி நிலையமும் சந்தையும் அயலூர்களின் வாணிகத்தையெல்லாம் தம்பால் ஈர்த்துக்கொண்டன. கந்தரோடை அமைதியான ஊராகவே இருந்துவிட்டது.

அமைதி நிலைக்கவில்லை. 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து தென்மராட்சி நோக்கிச் சென்றபோது கந்தரோடையும் வெறிச்சோடியது. மாதங்கள் கழித்துத் திரும்பியவர், சிதைந்த வீடுகளைத் திருத்தியும் புதியன கட்டியும் வாழத் தலைப்பட்டனர். அத்திவாரம் வெட்டிய இடங்களிலும், கிணறு ஆழமாக்கிய இடங்களிலும் பழங்குடியிருப்பின் படைகள் கலைந்தன. இதற்கு எவரையும் குறைகூறல் நீதியன்று. தலைக்குமேற் கூரை வேண்டுவோர், காலடியிற் கிடக்கும் ஓட்டுத் துண்டை முதன்மையாகக் கருதுதல் எங்கும் நிகழாது. ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. தூபிகள் நிற்கும் சிறுநிலம் அரசின் பாதுகாப்பில் வேலியிட்டுக் காக்கப்படுகின்றது. மக்கள் வாழ்ந்த மேடோ பல பத்து ஏக்கர் பரப்புடையது. தனியார் வளவுகளாகப் பிரிந்து, வீடும் தோட்டமும் பனையும் சூழக் கிடக்கின்றது. துறவியின் நினைவுச் சின்னம் காக்கப்பட, அத்துறவிக்குச் சோறிட்ட உழவனின் அடுப்படியும் கலமும் களஞ்சியமும் ஆண்டுதோறும் மண்வெட்டிக்கு இரையாகின்றன. யாழ்ப்பாணத்தின் தொன்மையைக் கூறவல்லவை தூபிகளினும் அம்மேட்டுப் படைகளே.

கிடைத்த பொருள்களும் ஓரிடத்தில் இல்லை. சில யாழ்ப்பாணம் நாவலர் வீதித் தொல்பொருட் காட்சிச்சாலையிலும், சில கொழும்பிலும் உள. சில தனியார் கைகளுக்குச் சென்றுவிட்டன. இது புதிய வழக்கமுமன்று. வல்லிபுரத்திற் கிடைத்த புத்தர் சிலையை 1906இல் ஆங்கிலேய ஆள்பதி சீயத்து மன்னருக்கு அன்பளிப்பாகவே கொடுத்துவிட்டார்.

நீரும் பழைய நிலையில் இல்லை. துலாவுக்குப் பதிலாக வந்த நீரிறைக்கும் இயந்திரம், ஒரு நாளில் இறைத்ததை ஒரு நாழிகையில் இறைக்கின்றது. பாறை வெடிப்புகள் மழைநீரைக் கீழிறக்கும் அதே விரைவில், தோட்டத்துக்கிட்ட செயற்கை உரத்தையும் மலக்குழிக் கசிவையும் கீழிறக்குகின்றன. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பது பன்முறை அளந்து காட்டப்பட்டது. 2014, 2015ஆம் ஆண்டுகளிற் சுன்னாகச் சுற்றாடற் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை தெரியவந்து, மக்கள் குடிநீரைக் கொள்கலங்களில் எதிர்பார்த்து நிற்க நேர்ந்தது. அவ்வழக்கு நாட்டின் மீயுயர் நீதிமன்றம் வரை சென்றது. இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு குடியிருப்பை இவ்விடத்துக்கு அழைத்த நீர் அது.

மாரியில் வழுக்கையாறு இன்னும் ஓடுகின்றது. கரைகள் பல இடங்களில் ஒடுங்கிவிட்டன; சிலவிடங்களில் ஆற்றுப்படுகையிலேயே வீடுகள் ஏறிவிட்டன. பெருமழை பெய்த ஆண்டுகளில் அது தன் பழைய வழியைத் தேடி வயலெல்லாம் பரந்து, தூபிகள் நிற்கும் நிலத்தின் அருகுவரை வந்து, சில நாட்களில் வடிந்து போகின்றது. வெள்ளம் வடிந்தபின் தோட்டத்து வரம்புகளில் நடப்பவர் கண்ணுக்கு, கறுப்பும் சிவப்புமான ஓட்டுத் துண்டொன்று இன்றும் தென்படுதல் உண்டு.